நூறு மீட்டரும் ஒரு கோப்பைத் தேநீரும்

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு கில்பராக் வந்து சேரும் பஸ்ஸை ஓட்டுபவன் நான். பெயர் ஜார்லத். வந்ததும் பஸ் நாற்பது நிமிஷம் நிற்கும். அந்த நாற்பது நிமிஷமும் நான் டாக்டர் கூசாக்கின் கிளினிக் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு அரசாங்கம் இதே விஷயத்துக்காக என்னிடம் மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கியது.

கிளினிக்கில் டாக்டருக்கு அடுத்தபடி எல்லாமே டிம்ப்னா கெரட்டிதான். பெயர் பதிவது, போனை எடுப்பது, நனைந்து வருகிறவர்களின் கோட்டை வாங்கி ஹீட்டர் மேல் போடுவது எல்லாம் அவள் வேலை. வியாழக்கிழமை கருக்கலைப்புக்கு வருகிறவர்களுக்கான நாள். நாடே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த உரிமை அது. எங்கள் பக்கத்தில் அதைச் செய்யச் சம்மதித்த ஒரே டாக்டர் கூசாக் என்பதால் எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்துகூடப் பெண்கள் என் பஸ்ஸில் வருவார்கள். யார் எதற்கு வருகிறார்கள் என்று நான் கேட்க மாட்டேன். கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும், அது வேறு.

வியாழன்தோறும் கிளினிக் வாசலில் எதிர்ப்பாளர்கள் நிற்பார்கள். ஏதோ பெருங்கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டே பேர். ஒருவர் கன்செப்டா லாஃப்டஸ்: கையில் ஜெபமாலை, கழுத்தில் தொங்கும் ஒலிபெருக்கி. மற்றவர் மலக்கி டூஹி: கையில் பெரிய படம் ஒட்டிய தட்டி. மலக்கி நாற்பது வருஷம் இந்த வட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் சினை ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். இயற்கையின் காரியத்தில் மனிதன் கை வைக்கக் கூடாது என்பது ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த ஞானம்.

எங்கள் ஊரில் வாரத்தில் எட்டு நாள் மழை. மழையில் நிற்பவருக்கு டீ கொடுக்காமலிருப்பது சட்டப்படி குற்றம் இல்லை, ஆனால் அப்படிக் கொடுக்காமலிருந்த ஆள் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதனால் பத்தே முக்காலுக்கு டிம்ப்னா ஒரு தட்டில் டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். எடுத்ததும் வாங்கிக் குடித்துவிடுவது எங்கள் ஊர் வழக்கமில்லை. அவள் கேட்பாள், மலக்கி வேண்டாம் என்பார். மறுபடி கேட்பாள், சிரமப்படாதே என்பார். மூன்றாவது முறை கேட்டால், “சரி, நீ இவ்வளவு சொல்றதால அரைக் கோப்பை” என்று சொல்லி முழுக் கோப்பையை வாங்கிக்கொள்வார். முதல் தடவையிலேயே சரி என்பவன் தீனிக்கு அலைகிறவன், இரண்டாம் தடவை கேட்காமல் போகிறவள் கஞ்சம். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

டீயும் குடித்துவிட்டு எதிர்ப்பும் செய்தார்கள். டிம்ப்னாவுக்கு எதிர்ப்பு பிடிக்கவில்லை, டீ கொடுக்காமலிருக்கவும் முடியவில்லை. இப்படியே ஒரு வருஷம் போயிற்று. பிறகு நவம்பரில் அந்தப் பெண் வந்தாள்.

பத்தொன்பது வயது இருக்கும், பச்சைத் தொப்பி போட்டிருந்தாள். இறங்கும்போது எனக்கு நன்றி சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு வாசல் வரை போய்விட்டாள், இன்னும் நாலு எட்டுதான் பாக்கி. கன்செப்டா ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, திட்டவும் இல்லை, கத்தவும் இல்லை, மிகுந்த பிரியத்தோடு கேட்டார்: “ஏம்மா, நீ நோரீன் மகதானே?”

அவ்வளவுதான். அந்தப் பெண் திரும்பி நடந்து என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். “இது எப்ப திரும்பும்ண்ணே?” என்று கேட்டாள். பதினொன்றுக்கு என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், நானே கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டிருக்கலாம். பதினொன்றுக்கு என்று மட்டும்தான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த டிம்ப்னா அன்று மத்தியானமே தலைநகரத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண் கிளினிக் கதவு வரை யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் நடந்து வர வேண்டும். மொத்தம் எண்பது மீட்டர். கேட்டால் சின்ன விஷயம்தான்.

அவளைப் போல நிறையப் பேர் எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. பதினாறு மாதம் விவாதித்து, இரண்டு முறை ஒத்திவைத்து, ஒரு காற்புள்ளிக்காக மூன்றாவது முறையும் ஒத்திவைத்து, கடைசியில் சட்டம் வந்துவிட்டது. கிளினிக்கைச் சுற்றி நூறு மீட்டருக்கு எதிர்ப்பு கூடாது. டிம்ப்னா அன்று கேக் சுட்டாள். மறுநாள் தபாலில் வந்த கடிதத்தில், சட்டம் அமலுக்கு வந்துவிட்டது, ஆனால் எந்த இடத்தில் என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை, அதற்கு வளைய நிர்ணயப் பிரிவிலிருந்து அதிகாரி வருவார் என்று இருந்தது.

அதிகாரியின் பெயர் பிரெண்டர்காஸ்ட். மழைக்கோட்டின் மேல் அடையாள அட்டை, அடையாள அட்டையின் மேல் இன்னொரு மழை உறை. கையில் ஒற்றைச் சக்கரம் வைத்த அளவுகோல். அதைத் தள்ளிக்கொண்டு கிளினிக் வாசலுக்கு வந்தவர், நூறு மீட்டர் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று டிம்ப்னாவைக் கேட்டார். கதவிலிருந்து என்றாள். எந்தக் கதவு என்றார். கிளினிக்குக்கு முன்கதவும் பின்கதவும் சாய்தளக் கதவும் உண்டு. மூன்று கதவு என்றால் மூன்று வட்டம் வரும், மூன்று வட்டம் சேர்ந்தால் அது வளையம் ஆகாது, சட்டத்தில் வளையம் என்றுதான் போட்டிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். கடைசியில் கட்டடத்தின் நட்டநடு மையத்தைக் கண்டுபிடித்து அங்கே ஆணி அடித்தார். அது கழிவறைக்குள் இருந்தது. அன்று முழுவதும் அவர் கயிற்றைப் பிடித்திருந்ததால் யாரும் அங்கே போக முடியவில்லை.

கோடு மாதா கோவிலின் குறுக்கே போயிற்று. பீடம் வளையத்துக்கு உள்ளே, பெஞ்சுகள் வெளியே. பாதிரியார் கவலையோடு வந்து நிலைமையைக் கேட்டார். அதிகாரி அரை மணி நேரம் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாதிரியார் தன் பங்கை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம், பெஞ்சில் இருப்பவர்கள் பதிலை உரக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தார். அந்த ஞாயிறு சபையார் எதற்கு என்று தெரியாமலே பதில் சொன்னார்கள். முன்னைக்கு இப்போது ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று பாதிரியாரே என்னிடம் சொன்னார்.

மதுக்கடையில் கோடு அம்பு எறியும் பலகைக்கு இப்பால் விழுந்தது. எறிகிறவன் வெளியே, பலகை உள்ளே. அதற்கும் ஒரு படிவம் நிரப்பினார்கள்.

அளந்து முடிந்தது, இனிக் கோடு போட வேண்டியதுதானே என்று டிம்ப்னா கேட்டாள். அதற்கு முன் தேவை நிரூபிக்கப்பட வேண்டும் என்றார் அதிகாரி. அதாவது, அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் அவரே நேரில் வந்து எதிர்ப்பைக் கண்ணால் பார்த்துச் சான்றளிக்க வேண்டும்.

முதல் வியாழன் வந்தார். வாசலில் யாரும் இல்லை. கன்செப்டாவும் மலக்கியும் உழவுப் போட்டி பார்க்கப் போயிருந்தார்கள். அதிகாரி ஒரு மணி நேரம் வெறும் வாசலைப் பார்த்து நின்றார். பிறகு உள்ளே வந்து, தன்னால் ஆனதைச் செய்யத் தயார்தான் என்றும், ஆனால் அரசாங்கத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது என்றும் டிம்ப்னாவிடம் சொன்னார்.

“எதிர்ப்பே இல்லாத இடத்துல எதிர்ப்பில்லா வளையத்தை அரசாங்கம் எப்படிம்மா கொடுக்கும்? நாளைக்கு எல்லாரும் கேட்பாங்களே.”

யாரும் நிற்காத நாளில் எனக்கும் வளையம் தேவையில்லையே என்றாள் டிம்ப்னா. அதைத்தான் நானும் அறிக்கையில் எழுதப்போகிறேன் என்றார் அவர்.

டிம்ப்னா அன்று சாயங்காலம் கன்செப்டா வீட்டுக்கு நடந்து போய், அடுத்த வாரம் தவறாமல் வந்துவிடும்படி கேட்டுக்கொண்டாள். கேட்கும்போது அவள் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. கன்செப்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தன்னை அங்கே யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது வியாழன் எல்லோரும் வந்தார்கள். ஒலிபெருக்கி, தட்டி, மழை, எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி குறிப்பேட்டைத் திறந்து ஆர்வமாக எழுதிக்கொண்டிருந்தார். மணி பத்தே முக்கால். கையும் காலும் பழகிய வழியில் போயின, டிம்ப்னா தட்டில் டீயோடு வாசலுக்கு வந்துவிட்டாள். மலக்கி இரண்டு தரம் மறுத்து மூன்றாம் தரம் வாங்கிக் குடித்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

“இந்தக் கோப்பை கிளினிக்குடையதா?”

ஆமாம் என்றாள்.

“நீங்களா கூப்பிட்டுக் கொடுத்தீங்க?”

“மழை பெய்யுது சார்” என்றாள் டிம்ப்னா. அதைவிடப் பெரிய விளக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

அவர் சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். கிளினிக்கின் அழைப்பின் பேரில் வளையத்துக்குள் இருப்பவர் எதிர்ப்பாளர் ஆகமாட்டார், விருந்தாளி. டீ கொடுப்பது அழைப்பு. ஆகவே கிளினிக் தனக்கு எதிராகத் தானே ஒரு போராட்டத்தை நடத்தி, அதற்குச் சிற்றுண்டி ஏற்பாடும் செய்திருக்கிறது. இப்படி ஒரு விஷயத்தைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்றார். அன்று மாலையே சமையலறைக் கெட்டிலுக்குச் சிவப்பு நாடா சுற்றி அரக்கு முத்திரை வைத்தார். வளையத்தை முறையாக ஒப்படைக்கும் நாள் வரை அந்தக் கெட்டில் அரசாங்கச் சாட்சி. நான் அன்று ஏற்கெனவே குடித்திருந்த ஒரு கோப்பைக்காகத்தான் அந்த மூன்று பிரதிக் கையெழுத்து.

அதோடு படிவம் பதினான்கு வந்து சேர்ந்தது, தேநீர் ஏடு. வாசலில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் டிம்ப்னா டீ வேண்டுமா என்று கேட்க வேண்டும், பதிலை ஏட்டில் எழுத வேண்டும். வேண்டும் என்றால் விருந்தாளி. வேண்டாம் என்றால் எதிர்ப்பாளர். கெட்டிலே இல்லாமல் எப்படிக் கேட்பது என்றாள். கேட்பதற்குக் கெட்டில் தேவையில்லை என்றார்.

ஏட்டில் ஒரே ஒரு பதிலுக்குத்தான் கட்டம் இருந்தது. எங்கள் ஊரில் பதில் மூன்றாவது தடவைதான் வரும் என்பதை டிம்ப்னா பொறுமையாக விளக்கினாள். அதிகாரி எங்கள் மாவட்டத்துக்காரர்தான், அவருக்கு இது தெரியாமலில்லை. ஆனால் அவர் முகத்தில் கடமை வந்து உட்கார்ந்துகொண்டது.

“மூணாவது பதில் வரைக்கும் அரசாங்கம் காத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா. முதல் பதில்தான் பதில். யாரா இருந்தாலும் சரி, இதுல விதிவிலக்கே கிடையாது.”

இந்தக் கடைசி வரியை ஊர்ப் போலீஸ்காரர் ஃபேலன் தன் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார். காணாமல் போன ஆடுகளைத் தேடியே பணிக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். புதிய சட்டத்தைப் பற்றி அரை நாள் பயிற்சி எடுத்ததிலிருந்து, அதில் ஒரு வழக்காவது வந்துவிடாதா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நான்கு வியாழன்கள் வறண்ட வியாழன்கள், மழையைத் தவிர. டிம்ப்னா ஏட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் டீ வேண்டுமா என்று ஒரு தரம் கேட்பாள். மலக்கி வழக்கப்படி வேண்டாம் என்பார். அவள் எழுதிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மலக்கி கையைப் பாதி நீட்டியபடி நின்றுகொண்டிருப்பார். இரண்டாம் வாரம் கன்செப்டா ஜெபத்தை நடுவில் நிறுத்திவிட்டுக் கண்கலங்க, “நாங்க உனக்கு என்னடி பண்ணோம்?” என்று கேட்டார். டிம்ப்னா அதற்கு ஒரு நீண்ட பதில் வைத்திருந்தாள், ஆனால் ஏட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் வாரம் மலக்கி வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். அந்தத் தண்ணீரின் மூலம் எது என்று அதிகாரி விசாரித்தார்.

இதற்கிடையில் பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சான்று கெட்டுவிடக் கூடாது என்பதற்காக எதிர்ப்பு முன்னைவிட ஒழுங்காக நடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்தாமல் நேராகக் கிளினிக் வாசலுக்குக் கொண்டுபோய், தட்டியை மறைத்து நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டேன். யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள். அதிகாரி ஓடிவந்து பஸ் ஜன்னலைத் தட்டினார். நான் எதிர்ப்பின் பார்வையை மறைத்து, அரசாங்கத்தின் அவதானிப்பில் குறுக்கிட்டுவிட்டேனாம். அந்த வாரம் கணக்கில் வராது, இன்னொரு வாரம் நடத்த வேண்டும் என்றார். டிம்ப்னா என்னைப் பார்த்த பார்வையில் நான் பஸ்ஸைப் பின்னால் எடுத்தேன்.

எப்படியோ தேவை நிரூபணம் ஆகிவிட்டது. சாலையில் வெள்ளைக் கோடு போட்டார்கள். வளையத்தை ஒப்படைக்கும் விழாவுக்குத் தலைநகரத்திலிருந்து துணை அமைச்சர் அம்மா வருவதாகச் செய்தி வந்தது. வியாழக்கிழமை, காலை பத்து மணி.

வியாழன் மட்டும் வேண்டாம் என்று டிம்ப்னா கடிதம் எழுதினாள். விழாவே வேண்டாம், கோடு போதும் என்றும் எழுதினாள். அதற்கு வந்த பதிலில், பெண்களின் நிம்மதியான வருகையைக் கொண்டாட அவர்கள் வருகிற நாளைவிடப் பொருத்தமான நாள் எது என்று கேட்டிருந்தார்கள். கூடவே அமைச்சரின் வேறு நாட்கள் நிரம்பிவிட்டன என்றும் இருந்தது. டிம்ப்னா அந்தக் கடிதத்தை மடித்துத் தேநீர் ஏட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வியாழன் என் பஸ்ஸில் ஒரே ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வளைவைத் தாண்டியதும் பேண்டு வாத்தியம் கேட்டது.

கிளினிக் வாசலை மறைத்து மேடை. மேடையில் அமைச்சர், மாவட்ட உறுப்பினர்கள், பிரெண்டர்காஸ்ட். சுற்றி ஒரு நூற்றைம்பது பேர், பாதிப் பேர் கையில் தட்டிகள். ‘அமைதி’, ‘தனிமை’, ‘கண்ணியம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். கிளினிக் கதவின் குறுக்கே ஊதா ரிப்பன். இரண்டு பக்கமும் கேமரா. நூறு மீட்டருக்கு அப்பால், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மழையில் கன்செப்டாவும் மலக்கியும் வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். வளையம் காலை எட்டு மணிக்கே அமலுக்கு வந்துவிட்டது. ஊரிலேயே அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அவர்கள் இருவர்தான்.

அமைச்சர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். “ஒரு பெண் இந்த வாசலுக்கு வரும்போது அவளை யாரும் நின்று பார்க்கக் கூடாது. யாரும் கூட்டம் போடக் கூடாது. யாரும் மைக் பிடிச்சு அவளைப் பத்திப் பேசக் கூடாது. அதுக்காகத்தான் இன்னைக்கு நாம எல்லாரும் இங்க திரண்டு நிக்கிறோம்.” பலத்த கைதட்டல்.

பஸ் படியில் ஒரு காலை வைத்த பெண் அப்படியே நின்றாள். கேமராக்களைப் பார்த்தாள். திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணே, இது எப்ப திரும்பும்?” என்றாள்.

அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே இருக்கை. இந்தத் தடவை நான் பதினொன்றுக்கு என்று சொல்லவில்லை. “கொஞ்சம் இரும்மா, நான் போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, பஸ் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தை முட்டித் தள்ளிப் பின்கதவு வழியாகச் சமையலறைக்கு ஓடினேன். முத்திரை வைத்த கெட்டிலுக்குப் பக்கத்தில் டிம்ப்னா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். தேநீர் ஏட்டை எடுத்துக்கொண்டு நேராக மேடை ஓரம் நின்ற போலீஸ்காரர் ஃபேலனிடம் போனாள்.

இவர்கள் யார் என்று கேட்டாள். அமைச்சர் என்றார் ஃபேலன். அதைக் கேட்கவில்லை, சட்டப்படி யார் என்றாள். வளையத்துக்குள் கூட்டம், தட்டி, ஒலிபெருக்கி, போதாததற்கு பேண்டு. கதவை மறித்து ரிப்பன். உள்ளே வர வேண்டிய ஒரு பெண் வர முடியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். ஃபேலன் நோட்டைப் புரட்டி, தான் அடிக்கோடிட்ட வரியை இரண்டு முறை வாசித்தார். அவர் காது சிவந்தது. மேடையேறிப் போய் பிரெண்டர்காஸ்ட் முன்னால் விறைப்பாக நின்றார்.

“சார், உங்களையெல்லாம் இங்க யார் கூப்பிட்டாங்க?”

“நான்தான்யா கூப்பிட்டேன்.”

“கிளினிக் கூப்பிட்டுச்சா?”

விழாவே வேண்டாம் என்று எழுதியதற்கு வந்த அந்தப் பதில் கடிதத்தை டிம்ப்னா ஏட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். அமைச்சர் மைக்கைக் கையில் பிடித்தபடி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பிரெண்டர்காஸ்ட் சட்டத்தை எழுதியவர்களைவிட அதை நன்றாகத் தெரிந்தவர், தப்பிக்கும் வழியும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“அதுக்கென்ன, இப்ப கூப்பிடட்டும். டீ கேட்கச் சொல்லுங்க, நாங்க விருந்தாளி ஆயிடறோம்.”

டிம்ப்னா ஏட்டைத் திறந்தாள். பேனாவை மழையில் ஒருமுறை உதறிக்கொண்டு, அமைச்சரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்.

“டீ குடிக்கிறீங்களாம்மா?”

அமைச்சர் பக்கத்து மாவட்டத்துக்காரர், நல்ல குடும்பத்தில் பிறந்து நல்லபடி வளர்க்கப்பட்டவர். வாய் தானாகத் திறந்தது.

“ஐயையோ, வேண்டாம்மா. எங்களுக்காகச் சிரமப்படாதீங்க.”

டிம்ப்னா எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போனாள். மாவட்ட உறுப்பினர்கள் மூவரும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். பேண்டு மாஸ்டர் மார்பில் கைவைத்து, கேட்டதே போதும் என்றார். தட்டி பிடித்தவர்கள் வரிசையாக, வேண்டாம், வேண்டாம், பரவாயில்லை, இருக்கட்டும் என்றார்கள். கடைசியாக பிரெண்டர்காஸ்ட். அவர் சொல்ல வேண்டியது என்ன என்று அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முழு மனதோடு ‘ஆமாம்’ சொல்ல வாயைத் திறந்தார், பாருங்கள். ஐம்பது வருஷத்து வளர்ப்பு குறுக்கே வந்து விழுந்தது.

“இல்லம்மா, பரவாயில்ல” என்றார்.

பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். நூற்றைம்பது பேரும், அமைச்சர் உட்பட, டிம்ப்னா இரண்டாம் தடவை கேட்பதற்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏட்டை மூடினாள். படிவத்துக்குக் கட்டுப்பட்டு அல்லாமல் தானாகவே அவள் இரண்டாம் தடவை கேட்காமல் விட்டது தன் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அவள் கன்னம் துடித்துக்கொண்டிருந்தது.

ஃபேலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டத்தின் முதல் எச்சரிக்கையை நோட்டைப் பார்த்து வாசித்தார். ஒரு பக்கம் முழுவதும் வாசித்தார், காற்புள்ளிகளுக்கு நின்றும் நிதானித்தும். முதல் பதில்தான் பதில் என்று சொன்னவர் முதல் ஆளாக மேடையிலிருந்து இறங்கினார். அவர் பின்னால் அமைச்சர், உறுப்பினர்கள், பேண்டு, ‘அமைதி’, ‘தனிமை’, ‘கண்ணியம்’ எல்லாம் மழையில் நடந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிப்போய் நின்றார்கள். அங்கே மலக்கி நகர்ந்து இடம் கொடுத்தார். பிளாஸ்கைத் திறந்து அமைச்சரிடம் டீ வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றார். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை அமைச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கன்செப்டா அவர் முகத்தை உற்றுப் பார்த்து, “நீ பிரிஜிட் மகதானே?” என்று கேட்டது எனக்கு இங்கே வரை கேட்டது. அமைச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பஸ்ஸுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. மேடையும் மழையும் தவிர ஒன்றும் இல்லை. “போம்மா, யாரும் இல்ல” என்றேன். அவள் தயங்கித்தான் இறங்கினாள். நான் கூடவே நடந்தேன், ஆனால் கொஞ்சம் தள்ளி, பேசாமல். எண்பது மீட்டர் என்பது அவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதவில் இன்னும் அந்த ஊதா ரிப்பன் இருந்தது. டிம்ப்னா உள்ளேயிருந்து வந்து, காயக்கட்டு வெட்டும் கத்தரிக்கோலால் அதை நறுக்கினாள். அதே கத்தரிக்கோலோடு சமையலறைக்குப் போய் அரசாங்கச் சாட்சியின் நாடாவையும் நறுக்கி, கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அந்தப் பெண்ணின் கோட்டைக் கழற்றி ஹீட்டர் மேல் போட்டாள்.

“வெளிய என்னக்கா விசேஷம்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“உனக்கு வழி விட்டாங்க” என்றாள் டிம்ப்னா. பிறகு, “டீ குடிக்கிறியாம்மா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்க்கா, சிரமப்படாதீங்க.”

டிம்ப்னா இன்னும் இரண்டு தடவை கேட்டாள்.